பள்ளிவாசற் படுகொலையும் பத்திரிகைகளின் பார்வையும்

ஒரு நிகழ்ச்சியின் மறுநாட் காலையில் வெளிவரும் பத்திரிகையே அந்நிகழ்ச்சியின் முதல் வரலாறாக அமைகின்றது. பின்னர் வரும் ஆய்வாளன் அப்பக்கங்களையே மூலாதாரமாகக் கொள்வான். ஆதலின், எச்செயல் பயங்கரவாதம் எனப்பட்டது, எவருடைய கதை கூறப்பட்டது என்பன வரலாற்று வினாக்களுமாகும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் 2019 மார்ச் 15ஆந் திகதி நிகழ்ந்த படுகொலை இவ்வகையில் நோக்கற்பாலது.

அன்று வெள்ளிக்கிழமை. அல் நூர் பள்ளிவாசலிலும் லின்வூட் இஸ்லாமிய நிலையத்திலும் ஜும்ஆத் தொழுகைக்குக் கூடியிருந்தோர் மீது அவுஸ்திரேலியன் ஒருவன் நடாத்திய துப்பாக்கிச் சூட்டினால் 51 பேர் உயிரிழந்தனர். கொலையாளி தன் செயலை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பினான். நீண்டதோர் அறிக்கையையும் வெளியிட்டான். செய்தித்துறை எதனைக் காட்டவேண்டும் என்பதை அவனே முன்கூட்டி ஆயத்தஞ் செய்திருந்தான் எனலாம்.

தொலைவிலிருந்த ஊடகங்கள் சில அவ்வலையில் வீழ்ந்தன. பிரித்தானியாவின் வெகுசனப் பத்திரிகைகள் சில, அவன் எடுத்த படக்காட்சியின் பகுதிகளைத் தம் இணையத்தளங்களில் இட்டன. ‘டெய்லி மிரர்’ அவனது குழந்தைப் பருவப் படத்தை முதற்பக்கத்தில் அச்சிட்டு, தேவதை போன்ற சிறுவன் கொடிய வலதுசாரிக் கொலையாளியாக வளர்ந்தான் எனத் தலைப்பிட்டது. துருக்கியிலோ நிலைமை வேறு. அங்கு உள்ளூராட்சித் தேர்தல் அண்மித்திருந்தது. ஜனாதிபதி எர்டோகன் அப்படக்காட்சியைப் பிரசாரக் கூட்டங்களிற் காட்டி, இஸ்லாத்தின் மீதான பகைமைக்குச் சான்றாக்கினார். நோக்கம் வேறாயினும் இரு இடங்களிலும் கொலையாளியே மையமானான், மாண்டோர் பின்னணியாயினர்.

நியூசிலாந்தில் வேறொரு நெறி உருவாயிற்று. பிரதமர் ஜசிந்தா ஆர்டேன் அன்றே இதனைப் பயங்கரவாதம் என்றார். கொலையாளியின் பெயரைத் தாம் உச்சரிப்பதில்லை எனப் பின்னர் பாராளுமன்றத்திற் கூறினார். கிறைஸ்ட்சேர்ச்சின் ‘த பிரஸ்’ நாளேடு மார்ச் 22இல் ‘ஸலாம்’ என்னும் அறபுச் சொல்லையும் மாண்டோர் பெயர்களையும் முதற்பக்கத்தில் வெளியிட்டது. அவனது கொள்கைக்கு நீதிமன்றம் மேடையாகாதவாறு, வழக்கைச் செய்தியாக்கும் முறை பற்றி முக்கிய ஊடக நிறுவனங்கள் ஐந்து மே மாதத்தில் உடன்பட்டன. மாண்டோரின் அயலவரே இவ்வேடுகளின் வாசகர் என்பது இதற்கு ஒரு காரணமாகலாம்.

ஆயினும், அண்மை ஒன்றே நேர்மையைத் தந்துவிடாது. ஐயம் நெடுநாட் பழக்கமாகும். கனடாவின் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் 2017 ஜனவரி 29இல் அறுவர் கொல்லப்பட்டபோது, சந்தேகநபர் மொரோக்கோ வம்சாவளியினர் என அமெரிக்காவின் ‘பொக்ஸ் நியூஸ்’ அறிவித்தது. உண்மையில் அவர் சாட்சியே; கொலையாளி கனடாவிற் பிறந்தவன். கனடியப் பிரதமர் அலுவலகம் ஆட்சேபித்த பின்னரே அவ்வறிவிப்பு நீக்கப்பட்டது. நியூசிலாந்திலும், பாதுகாப்பு அமைப்புகள் இஸ்லாமியத் தீவிரவாதத்தின் மீதே பொருத்தமற்ற அளவிற் கவனஞ் செலுத்தியிருந்தன என 2020 டிசம்பரில் வெளியான அரச ஆணைக்குழு அறிக்கை கண்டது. எந்தச் சமூகத்தின் மீது ஐயக்கண் பதிந்திருந்ததோ, அச்சமூகமே பலியாயிற்று.

கொலையாளிக்கு 2020 ஓகஸ்ட் 27இல் பரோல் அற்ற ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. பயங்கரவாதக் குற்றத்திற்கு அந்நாடு வழங்கிய முதற் தீர்ப்பும் அதுவே. சட்டம் அச்சொல்லை உறுதிசெய்ய ஓராண்டுக்கு மேலாயிற்று. பத்திரிகைக்கு அத்தகைய அவகாசம் இல்லை; அது ஓரிரவில் தேர்ந்த சொல்லே நூலகங்களில் நிலைக்கின்றது. ஆதலின், பழைய ஏட்டைப் புரட்டும் ஆய்வாளன் அதில் எழுதப்பட்டதை மட்டுமன்றி, எவருடைய பெயர்கள் எழுதப்படவில்லை என்பதையும் வினவுதல் வேண்டும்.