கழுவாத படம்

புதிதாகக் கேமரா வாங்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று தவறாமல் வரும். "ரா எதுக்குங்க? ஃபைல் இவ்ளோ பெருசு, வாட்ஸப்ல அனுப்ப முடியல, திறந்து பார்த்தா மங்கலா வேற இருக்கு." மூன்று குறையும் உண்மைதான். நான் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: அது இன்னும் கழுவாத படம். நம் ஊர் ஸ்டுடியோக்களில் ஃபிலிமை டெவலப் செய்வதைக் கழுவுவது என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லை விட நல்ல சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அப்படியானால் அடுத்த கேள்வி, அதை யார் கழுவுவது? கம்பெனியா, எடுத்தவரா? டிஜிட்டல் கேமரா வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த இழுபறி தொடங்கிவிட்டது.

ஆரம்பத்தில் வேறு வழியே இல்லை, எடுத்தவரேதான் கழுவ வேண்டும். 1863 டிசம்பரில் ஜூலியா மார்கரெட் கேமரூனுக்கு 48 வயது. மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். பொழுதுபோக்குக்குத்தான். அந்த அம்மா வீட்டின் கரி அறையை இருட்டறையாக்கினார், கோழிக் கூண்டைக் காலிசெய்து ஸ்டுடியோவாக்கினார். அன்றைய முறையில் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயும் முன் படமெடுத்து, ஈரம் காயும் முன்பே கழுவியும் ஆக வேண்டும். விரலெல்லாம் வெள்ளி உப்பின் கறை. படங்களில் தூசி, கீறல், கைரேகை, பாதி முகம் கலங்கல். அன்றைய விமர்சகர்கள் சிலர் அதைக் கேலி செய்தார்கள். அந்தக் கலங்கல் அவருடைய தேர்வு என்பது பிறகுதான் புரிந்தது. கேமரூன் கடைசி வருடங்களை இலங்கையில் கழித்து அங்கேயே 1879இல் இறந்தார். அங்கேயும் கேமரா சும்மா இருக்கவில்லை. ஊர்க்காரர்களையும் உழைப்பாளிகளையும் எடுத்த சில படங்கள் மிஞ்சியிருக்கின்றன.

1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவைக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே 10 டாலருடன் ராச்செஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் கழுவி, பிரின்ட் போட்டு, புதுச் சுருள் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அழுத்துவது மட்டும் உங்கள் வேலை, மற்றதெல்லாம் எங்களுடையது என்பதுதான் விளம்பரத்தின் சாரம். குழந்தை, நாய், கடற்கரை என்று சாதாரண மனிதர்களின் சாதாரண நாட்கள் படமாகத் தொடங்கியது இதனால்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் கருப்பு எவ்வளவு கருப்பு, முகம் எவ்வளவு வெளிச்சம் என்ற முடிவும் அதே பார்சலில் ராச்செஸ்டருக்குப் போய்விட்டது.

அந்த முடிவை விட்டுக்கொடுக்காதவர்களில் பெயர்பெற்றவர் ஆன்செல் ஆடம்ஸ். பியானோ கற்றவர். நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் பிரின்ட்டை அதைக் கச்சேரியில் வாசிப்பதற்கும் ஒப்பிட்டார். ஒரே கீர்த்தனையை நான்கு பேர் பாடக் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஆச்சரியமான செய்தி அல்ல. 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தின் மேல் நிலா எழுவதை எடுத்தார். ஒளிமானி கைக்குச் சிக்கவில்லை, நிலாவின் வெளிச்சத்தை மனக்கணக்காகவே போட்டு எடுத்தார் என்பது புகழ்பெற்ற கதை. எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. அந்த ஒரே நெகட்டிவை முப்பது வருடங்களுக்கு மேல் திரும்பத் திரும்பப் பிரின்ட் போட்டார். ஆரம்பப் பிரின்ட்களில் வானம் சாம்பல், மேகம் தெரிகிறது. பிந்தியவற்றில் வானம் கிட்டத்தட்டக் கருப்பு. எது அசல் என்று கேட்டால் என்ன சொல்வது?

வண்ணம் வந்தபோது நிலைமை மோசமானது. கருப்பு வெள்ளையை வீட்டுக் குளியலறையில் கழுவலாம், வண்ண ஃபிலிமை அவ்வளவு சுலபத்தில் முடியாது, லேபுக்குத்தான் போக வேண்டும். லேபுகள் இயந்திரத்தைச் சரிபார்க்க கோடாக் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருப்பவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி! கருந்தோல் முகங்கள் நிழலில் கரைந்துபோனது யாரையும் உறுத்தவில்லை. மரச்சாமான் செய்பவர்களும் சாக்லேட் செய்பவர்களும் பழுப்பு நிறம் ஒழுங்காக வரவில்லை என்று முறையிட்ட பிறகே ஃபிலிமைத் திருத்த முனைந்ததாகக் கோடாக்கில் வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொன்னார்கள். மனிதர்களுக்காக அல்ல, மேசைக்காகவும் மிட்டாய்க்காகவும். நம் பக்கம் வேறு கதை. நெகட்டிவில் பென்சிலால் தீட்டி முகத்தை வெளுப்பாக்கும் ரீடச்சிங் இங்கே தனித் தொழிலாகவே இருந்தது. "கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்கண்ணே" என்ற வேண்டுகோளை ஸ்டுடியோ வாசலில் கேட்காதவர் குறைவு.

இனி டிஜிட்டல். கேமராவின் சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டும்தான் தெரியும். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற யோசனைதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிறச் சில்லு. நான்கு புள்ளியில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். அப்படியானால் 24 மெகாபிக்ஸல் கேமரா உண்மையில் அளப்பது 12 மில்லியன் பச்சை, 6 மில்லியன் சிவப்பு, 6 மில்லியன் நீலம் மட்டுமே. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். நெருக்கமாகக் கட்டம் போட்ட சட்டையில் இல்லாத வானவில் கோடுகள் முளைப்பது இந்த ஊகம் சறுக்கும்போதுதான். நாம் பார்க்கும் படத்தின் நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம் என்று முதலில் படித்தபோது சற்று நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

ரா என்பது ஊகிப்பதற்கு முந்தைய எண்கள். 14 பிட் ராவில் ஒரு புள்ளிக்கு 16,384 படிகள், ஜேபெக்கில் 256. ஜேபெக்காகப் பதிந்தால் ஊகம், நிறச் சமன், மினுக்கம் எல்லாவற்றையும் கேமராவே கண நேரத்தில் முடித்து மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். 1888இன் ராச்செஸ்டர் இப்போது கேமராவுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் ரா கோப்பைத் திறக்கும் சாவியைக் கம்பெனிகள் தங்களிடமே வைத்துக்கொண்டன. கம்பெனிக்கு ஒரு வடிவம், சில சமயம் கேமராவுக்கு ஒன்று. 1997இல் டேவ் காஃபின் என்ற அமெரிக்க நிரலாளர் தனி ஆளாக டிசிரா என்ற நிரலை எழுதத் தொடங்கினார். எந்தக் கேமராவின் ராவாக இருந்தாலும் எந்தக் கணினியிலும் திறக்க வேண்டும் என்பது இலக்கு. எவரும் விளக்கம் தராத வடிவங்களை ஒவ்வொன்றாக உடைத்து, நிரலை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார். இருபது வருடங்களுக்கு மேல் அதைப் பராமரித்தார். கடைசிப் பதிப்பு 2018.

2005இல் ஒரு சச்சரவு. நிக்கான் தன் டி2எக்ஸ் கேமராவில் வெள்ளைச் சமன் எண்களைப் பூட்டிவிட்டது தெரியவந்தது. வெள்ளைச் சமன் என்றால் பெரிய ரகசியமில்லை, சிவப்பையும் நீலத்தையும் எத்தனையால் பெருக்க வேண்டும் என்ற ஓரிரண்டு எண்கள், அவ்வளவுதான். ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோல் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தைச் சுட்டி, பூட்டை உடைக்கத் தயங்கினார். காஃபின் உடைத்து நிரலில் சேர்த்துவிட்டார். என் வீட்டு முற்றத்தின் மாலை வெளிச்சம் என்ன நிறம் என்ற தகவலுக்கு இன்னொருவர் பூட்டுப் போடலாமா? அப்போது பலரை எரிச்சலூட்டிய கேள்வி அது.

டார்க்டேபிள் 2009இல் யோஹன்னஸ் ஹனிகா தொடங்கியது. ராதெரபியின் மூலநிரல் 2010இல் திறக்கப்பட்டது. இரண்டும் இலவசம். அடோபியோ 2017இல், லைட்ரூமை ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் வழியை நிறுத்தி, சந்தாவுக்கு மாற்றியது. இலவச மென்பொருளை நம்பியவர்கள் வேறொரு பழக்கத்தையும் வளர்த்தார்கள். ஒருவர் தன் ராவை அப்படியே பொதுவில் கொடுப்பார், பெயர் போட்டால் போதும் என்ற உரிமத்துடன். மற்றவர்கள் தத்தம் விருப்பப்படி கழுவி, செய்முறையோடு திருப்பிக் காட்டுவார்கள். செய்த மாற்றங்கள் தனியாக ஒரு சின்னக் கோப்பில் இருப்பதால் எந்த நகர்வையும் மற்றவர் திறந்து பார்க்கலாம். நெகட்டிவை இப்படி ஊருக்குக் கொடுத்துவிடுவதை ஆடம்ஸ் ஒத்துக்கொண்டிருப்பாரா தெரியாது.

நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் செய்கிறோம். பேருந்து நிலைய டீக்கடை, மொட்டைமாடித் துணிக்கொடி, மழைக்குப் பிந்தைய சந்து மாதிரியான படங்கள்தான். ஒருமுறை ஒரு தம்பி, பாட்டி அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் படத்தைக் கொடுத்தார். பின்னால் ஜன்னல் வெளிச்சம், கேமராவின் ஜேபெக்கில் பாட்டி முகம் சாம்பல் நிற இருட்டு. ராவில் முகம் இருந்தது, சுருக்கங்கள் உட்பட. ஒருவர் நிழலை அளவாகத் தூக்கினார். இன்னொருவர் கருப்பு வெள்ளையாக்கினார். மூன்றாமவர் நன்றாகவே செய்திருந்தார், ஆனால் பாட்டி இரண்டு படி வெளுத்திருந்தார். "அண்ணே, அழகா இருக்கு, ஆனா இது எங்க பாட்டி இல்ல" என்றார் தம்பி. அன்றைக்கு மதியம் வரை ஓடியது விவாதம். வெளுக்கச் செய்தவர் வேண்டுமென்று செய்யவில்லை, 'சரியான வெளிச்சம்' என்று அவர் கண் பழகியிருந்தது அதுதான். கடைசியில் தம்பியே வீட்டுக்குள் போய்ப் பாட்டியைப் பார்த்துவிட்டு வந்து வளைகோட்டை இழுத்தார். ஏழு பேரும் கிட்டத்தட்டக் கணித்ததை விட இன்னும் கொஞ்சம் கருப்பு, கன்னத்தில் அடுப்பின் செம்மை.

டிசிரா நின்றுபோனாலும் அதிலிருந்து கிளைத்த லிப்ரா தொடர்கிறது. புதுக் கேமரா வரும்போதெல்லாம் யாராவது அதில் மாதிரி ராவை எடுத்துக் கொடுக்க வேண்டும். டார்க்டேபிளின் இரைச்சல் அளவுகளும் அப்படிச் சேர்ந்தவைதான். ஃபோகஸ் இல்லாமல், இருட்டிலிருந்து கண்கூசும் வெளிச்சம் வரை ஒரே சட்டகத்தில் வரும்படி, ஒவ்வொரு ஐஎஸ்ஓவிலும் ஒரு படம். பார்க்க ஒன்றுமே இருக்காது. என் கேமராவுக்கு ஒரு மழை மதியத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து 100இல் ஆரம்பித்து 25,600 வரை எடுத்தேன்.