கணினி படியாத வரிகள்: ஒரு தரவுத்தளத்தின் எழுத்துக்கூட்டல் வரலாறு

நிரலின் மூலத்தைத் திறந்து பார்ப்போருக்கு அதில் இருவகை எழுத்து தென்படும். ஒன்று, கணினிக்கு இடும் கட்டளை. மற்றொன்று, அக்கட்டளை ஏன் அவ்வாறு அமைந்தது என்று நிரலாளர் பின்வருவோருக்கு எழுதிவைக்கும் குறிப்புரை. கட்டளையில் ஓரெழுத்துப் பிறழ்ந்தால் பெரும்பாலும் கணினி அதனை ஏற்காது. குறிப்புரையையோ கணினி படிப்பதே இல்லை. அங்கு நேர்ந்த பிழை மனிதர் கண்ணில் படும்வரை நிலைத்திருக்கும். ஏடு பெயர்த்தெழுதியோரின் பிழை படிதோறும் தொடர்ந்ததைப் போல.

போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் இதற்கு நல்ல சான்று. 1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் அது உருவாகத் தொடங்கியது. 1994இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் ஆகிய இருவர் அதில் எஸ்.கியூ.எல். மொழியைச் சேர்த்தனர். 1996இல் போஸ்ட்கிரஸ்கியூஎல் என்னும் பெயர் பெற்று, பல நாட்டுத் தன்னார்வலர் பேணும் பொதுச்சொத்தாயிற்று. அவரவர் பயின்ற ஆங்கிலமும் அவர்களோடு உள்ளே வந்தது.

அட்டவணைகளைப் பற்றிய புள்ளிவிவரம் திரட்டுவதற்கு அதில் 'அனலைஸ்' என்றொரு கட்டளை உண்டு. அச்சொல்லை அமெரிக்கர் 'இசட்' எழுத்தாலும் பிரிட்டானியர் 'எஸ்' எழுத்தாலும் எழுதுவர். ஆக்ஸ்ஃபர்டு அகராதி 'ஐஸ்' என முடியும் வினைகள் பலவற்றுக்கு இசட் எழுத்தை விரும்பினும், இச்சொல்லுக்கு எஸ் எழுத்தையே கொள்ளும். இங்கே இருப்பது விகுதியன்று; 'அவிழ்த்தல்' என்று பொருள்படும் கிரேக்க வேரின் பகுதி. போஸ்ட்கிரஸின் இலக்கணக் கோப்பு இரு வடிவங்களையும் ஏற்றது. எஸ் வடிவத்தின் அருகே இருந்த குறிப்புரை ஒரே சொல்: 'பிரிட்டிஷ்'. இத்தனை சுருக்கமான மொழியியல் குறிப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கட்டளைக்கு இச்சலுகை எளிது. குறிப்புரைக்கு அப்படி இல்லை. பெரிய மூலநிரலைப் பராமரிப்பவர் அதை முதலிலிருந்து இறுதிவரை படிப்பதில்லை; ஒரு சொல்லைத் தேடி, அது வருமிடங்களை மட்டும் பார்க்கிறார். அச்சொல் ஓரிடத்தில் வேறுவிதமாகவோ பிழையாகவோ எழுதப்பட்டிருப்பின், அவ்விடம் அவர் தேடலில் அகப்படாது. அங்கேதான் முக்கியமான எச்சரிக்கை இருந்திருக்கலாம்.

அவ்வாறெனில் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்திவிடலாமே என மாணவர் வினவக்கூடும். போஸ்ட்கிரஸின் ஒவ்வொரு பெரும்பதிப்பும் 5 ஆண்டுகள் பேணப்படுவது. புதிய பதிப்பில் மட்டும் குறிப்புரையைத் திருத்தினால், பின்னொரு நாள் அவ்விடத்தில் செய்யும் உண்மையான பழுதுநீக்கம் பழைய பதிப்புகளில் பொருந்தாமல் போகலாம். ஆகவே பிழையைத் திருத்துக. 'எஸ்', 'இசட்' போன்ற வழக்கு வேறுபாட்டை, அவ்வரியை வேறு காரணத்திற்காகத் தொடும்போது மாற்றுக என்பதே என் கருத்து. பிழையும் வேறுபாடும் ஒன்றல்ல என்பதை நாம் வகுப்பறையிலும் அடிக்கடி மறக்கிறோம்.

திருத்தவே இயலாத பிழைகளும் உள. வந்த பக்கத்தின் முகவரியை அறிவிக்கும் 'ரெஃபரர்' என்னும் சொல், 1996இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணத்தில் ஓர் 'ஆர்' குறைந்தே பதிவாயிற்று. உலகின் நிரல்களெல்லாம் அப்பிழையையே எதிர்பார்ப்பதால் அது இன்றும் அவ்வாறே இருக்கிறது. அதனைக் கையாளும் நிரலின் குறிப்புரையில் சொல்லைச் சரியாக எழுதுவோரும் உண்டு. பிழை வடிவத்தைத் தேடி வருபவருக்கு அக்குறிப்புரை அகப்படுவதில்லை.