யூரோஸ்டமி பை அடிக்கடி கசியுதா? தப்பு உங்க மேல இல்லை, டிசைனைக் கவனிங்க!

துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்பதைப் பற்றி எர்ணாவூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த வரிசையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் டிரைவர்களில் ஒருவர், சிறுநீர்ப்பை அகற்றப்பட்டு, வயிற்றில் ஒட்டிய பையில் சிறுநீரைச் சேகரிப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராஃபிக், வெயில், பசி எல்லாவற்றையும் அவர் சமாளித்துவிடுவார். அவருடைய ஒரே பயம், பை கசிந்து சட்டை நனைந்துவிடுமோ என்பதுதான்.

இந்தப் பயம் வந்தவர்கள் முதலில் செய்வது, தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது. அடுத்து கல்யாணம், காதுகுத்து என்று எங்கேயும் போவதில்லை. கடைசியில் வேலையையே விட்டுவிடுகிறார்கள். "நமக்குத்தான் ஒழுங்கா ஒட்டத் தெரியலை போல" என்று தங்களையே குறை சொல்லிக்கொள்கிறவர்களும் உண்டு.

உண்மையில், கசிவு பெரும்பாலும் ஒரு பொருத்தப் பிரச்னை. பையின் வடிவம் ஒன்று, உடம்பின் வடிவம் வேறொன்று என்றால் எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் கசியும். காரணத்தைக் கண்டுபிடித்தால் சரிசெய்யவும் முடியும். உங்களுக்கோ, உங்கள் வீட்டில் அப்பா, அத்தை, தாத்தா யாருக்கோ இந்தப் பை இருந்தால், இது உங்களுக்கான கட்டுரை.

யூரோஸ்டமி என்றால் என்ன?

சிறுநீர்ப்பையில் புற்றுநோய், பிறவிக் குறைபாடு, நரம்புப் பாதிப்பு போன்ற காரணங்களால் சிறுநீர் வழக்கமான வழியில் போக முடியாத நிலை வரலாம். அப்போது சிறுகுடலின் கடைசிப் பகுதியிலிருந்து சுமார் 15 செ.மீ. துண்டை எடுத்து, சிறுநீரகங்களிலிருந்து வரும் இரண்டு குழாய்களையும் அதில் இணைப்பார்கள். துண்டின் மறுமுனையை வயிற்றின் வலதுபக்கம் வெளியே கொண்டுவந்து தைப்பார்கள். வெளியே தெரியும் சிவப்பு மொட்டுதான் ஸ்டோமா. இந்த முறையை 1950-ல் அமெரிக்க சர்ஜன் யூஜின் பிரிக்கர் பரவலாக்கினார். இன்றும் அதிகம் செய்யப்படுவது இதுதான்.

ஸ்டோமாவுக்கு அடக்கிவைக்கும் தசை கிடையாது. ராத்திரி, பகல் என்றில்லாமல் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். அத்தனையையும் தாங்குவது, தோலில் ஒட்டியிருக்கும் ஒரு மெல்லிய தகடு. அதற்கு பேஸ்பிளேட் என்று பெயர்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதன்மையான காரணம் புகைபிடித்தல். சாயம், ரப்பர் தொழில்களில் பயன்பட்ட சில ரசாயனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே கசிகிறது?

பெரும்பாலான கசிவுகள் இந்த ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்கும்.

1. ஓட்டை அளவு: பிளேட்டில் வெட்டும் ஓட்டை, ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதானால் இடைவெளியில் சிறுநீர் தேங்கி, தோலைப் புண்ணாக்கும். புண்ணான தோல் ஈரமாக இருக்கும். ஈரத்தில் பசை ஒட்டாது, மறுபடி கசியும். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் 6 முதல் 8 வாரங்களில் ஸ்டோமா சுருங்கும். ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்த அளவையே மாதக்கணக்கில் பின்பற்றுவது தவறு. வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

2. மடிப்பு: படுத்திருக்கும்போது வயிறு சமதளம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் மடிப்பு விழும். அந்த மடிப்புதான் சிறுநீர் ஓடும் வாய்க்கால்.

3. உயரம் குறைந்த ஸ்டோமா: 2 முதல் 3 செ.மீ. வெளியே நீட்டியிருந்தால் சிறுநீர் நேராகப் பைக்குள் விழும். தோல் மட்டத்திலோ உள்ளே இழுத்தோ இருந்தால், பிளேட்டுக்கு அடியில் புகுந்துவிடும்.

4. எடை: அரை லிட்டர் ஆவின் பால் பாக்கெட்டை வயிற்றில் ஒட்டிக்கொண்டு பஸ்ஸில் போவதைக் கற்பனை செய்யுங்கள். பை நிரம்பினால் கிட்டத்தட்ட அதே இழுவைதான். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்ய வேண்டும்.

5. தப்பான பை: அவசரத்துக்குக் கிடைக்கிறதென்று மலத்துக்கான கொலாஸ்டமி பையை வாங்கி ஒட்டுவது. அதில் கிளிப்தான் இருக்கும், டேப் இருக்காது. சிறுநீர் மேலே திரும்பாமல் தடுக்கும் வால்வும் இருக்காது. குனிந்தால், படுத்தால் சிறுநீர் ஸ்டோமாவைச் சுற்றியே நிற்கும். பசை ஊறி விட்டுப்போகும். கிருமித்தொற்று அபாயமும் கூடும். வாங்கும்போது டேப், வால்வு இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தப் பை இப்படி மாறிய கதை

இந்தப் பைகளின் வரலாற்றைப் பார்த்தால் ஒன்று புரியும். அடிக்கடி முன்னேற்றத்தைக் கொண்டுவந்தவர்கள், பையோடு வாழ்ந்தவர்களும் அவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களும்தான்.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல் என்ற டாக்டர், கராயா பிசின் தோலில் ஒட்டுவதோடு புண்ணாகாமலும் காக்கிறது என்று கண்டார். அந்தப் பிசின் எங்கிருந்து வந்தது தெரியுமா? இந்தியக் காடுகளில் வளரும் மரத்திலிருந்து! ஆனால், சிறுநீர் பட்டால் கராயா சீக்கிரம் கரைந்துவிடும். மலப்பைக்குக் கைகொடுத்தது, சிறுநீர்ப் பைக்கு ஒத்துவரவில்லை.

1954-ல் டென்மார்க் நர்ஸ் எலிசா சோரன்சன், ஸ்டோமா வைக்கப்பட்ட தன் சகோதரி தோரா, கசிவுக்குப் பயந்து வீட்டைவிட்டு வெளியே வராததைப் பார்த்து, தோலில் நேரடியாக ஒட்டும், பயன்படுத்தித் தூக்கியெறியும் பையை யோசித்தார். அதைத் தயாரிக்க முன்வந்தவர் ஆகே லூயி ஹான்சன். கொலோபிளாஸ்ட் நிறுவனம் பிறந்தது அப்படித்தான்.

பிறகு ஹைட்ரோகொலாய்டு பசை வந்தது. ஜெலட்டின், பெக்டின், செல்லுலோஸ் போன்றவற்றை ரப்பர்போன்ற பொருளில் கலந்தது இது. தோலின் வியர்வையை உறிஞ்சிக்கொண்டே ஒட்டியிருக்கும். ஆனால், உறிஞ்ச உறிஞ்ச ஊறி, விளிம்பு கரையும். அதனால்தான் யூரோஸ்டமிக்கு, எளிதில் கரையாத நீண்டநாள் வகை பிளேட்டுகள் தனியாக வருகின்றன.

2011-ல் பிரிட்டனைச் சேர்ந்த மைக்கேல் செரஸுக்குக் குடல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பை நிரம்பியதே தெரியாமல் அவதிப்பட்டவர், அளவைக் கண்காணித்து போனுக்குச் சொல்லும் சென்சாரை உருவாக்கினார். அதுவே 11 ஹெல்த் நிறுவனமானது. பிளேட்டுக்கு அடியில் ஈரம் ஊர்ந்தால் எச்சரிக்கும் சென்சார்களும் இப்போது வந்துகொண்டிருக்கின்றன.

கழற்றிய பிளேட்டைத் திருப்பிப் பாருங்க!

உங்கள் கையிலேயே ஒரு இலவச சென்சார் இருக்கிறது. கழற்றிய பிளேட்டின் பின்பக்கம்தான் அது. தூக்கிப் போடுவதற்கு முன் திருப்பிப் பாருங்கள்.

ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெளுத்து ஊறியிருந்தால், ஓட்டை பெரிதாக இருக்கலாம். அல்லது, மாற்றுவதற்கு ஒரு நாள் தாமதமாகியிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் நீளமாகக் கரைந்து ஓடியிருந்தால், அந்தப் பக்கம் மடிப்போ பள்ளமோ இருக்கிறது. அடிப்பக்கம் மட்டும் பிரிந்திருந்தால், பையின் எடை மேல் சந்தேகப்படுங்கள்.

ஒவ்வொரு முறையும் போனில் ஒரு போட்டோ எடுங்கள். தேதி, எத்தனை நாள் தாங்கியது, கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். கடிகார முள்போல, "4 மணிப் பக்கம் கசிவு" என்று குறிக்கலாம். நாலைந்து போட்டோக்களைப் பார்த்தால் டாக்டருக்கோ ஸ்டோமா நர்ஸுக்கோ காரணம் சட்டென்று பிடிபடும். "அடிக்கடி லீக் ஆகுது" என்று வாயால் சொல்வதைவிட இது பத்து மடங்கு பயன்.

எந்தப் பிரச்னைக்கு எந்த டிசைன்?

* ஸ்டோமா தோல் மட்டத்தில் இருந்தால்: நடுவில் குவிந்த கான்வெக்ஸ் பிளேட். சுற்றியுள்ள தோலை லேசாக அழுத்தி, ஸ்டோமாவை முன்னே தள்ளும். இதை நர்ஸ் அல்லது டாக்டரிடம் கேட்டே தேர்ந்தெடுங்கள். தேவையில்லாத அழுத்தம் புண்ணாக்கும்.
* மடிப்பு, தழும்புப் பள்ளம் இருந்தால்: களிமண்போல் இழுத்து வடிவம் கொடுக்கக்கூடிய சீல் ரிங். பள்ளத்தை நிரப்பிவிட்டு, அதன்மேல் பிளேட்டை ஒட்டுங்கள். வயிறு மடியும் இடத்தில் வளைந்துகொடுக்கும் மென்மையான பிளேட் நல்லது.
* எடை இழுத்தால்: பிளேட்டின் கொக்கிகளில் மாட்டும் பெல்ட். ரொம்ப இறுக்க வேண்டாம், இரண்டு விரல் உள்ளே போகும் அளவு போதும்.
* ஸ்டோமா பக்கத்தில் வயிறு புடைத்திருந்தால்: ஹெர்னியாவாக இருக்கலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள், பிறகு பை.

விலையைப் பார்க்கும்போது ஒரு பையின் விலையைப் பார்க்காதீர்கள். ஒரு நாளின் விலையைக் கணக்குப் போடுங்கள். ஒரு பேச்சுக்கு, 100 ரூபாய் பை ஒரே நாளில் கசிந்தால் நாளுக்கு 100. 280 ரூபாய் பை நான்கு நாள் தாங்கினால் நாளுக்கு 70. புண்ணுக்கு மருந்து வாங்கும் செலவும் மிச்சம்.

நம்ம ஊர் வெயில், நம்ம வீட்டுப் பழக்கம்

குளிர்நாட்டை மனதில் வைத்து எழுதப்பட்ட வழிமுறைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கடலோரப் புழுக்கத்தில் வியர்வையே பசையை ஊறவைக்கும். பெட்டியில் இத்தனை நாள் என்று போட்டிருந்தாலும், மே மாதத்தில் ஒரு நாள் முன்கூட்டியே மாற்றுங்கள். கசிந்த பிறகு மாற்றுவதல்ல, கசிவதற்கு முன் மாற்றுவதுதான் திட்டம்.

* புதுப் பைகளை பைக் பெட்டியிலோ, லாரி கேபினிலோ, தகரக் கூரைக்கு அடியிலோ வைக்காதீர்கள். சூட்டில் பசை கெட்டுவிடும்.
* குளித்ததும் தேங்காய் எண்ணெய், பவுடர் போடும் பழக்கம் இருந்தால், பிளேட் ஒட்டும் இடத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பசையுள்ள சோப்பும் அப்படித்தான். வெறும் தண்ணீர் போதும்.
* முடியை மழிப்பதைவிட, டிரிம்மரால் ஒட்ட வெட்டுவது பாதுகாப்பு.
* ராத்திரி டேப்பில் 2 லிட்டர் பையை இணைப்பார்கள். அது உடம்பைவிடத் தாழ்வாக இருந்தால்தான் சிறுநீர் இறங்கும். பாய் விரித்துத் தரையில் படுத்தால் அது நடக்காது. கட்டிலோ, உயரமான மெத்தையோ ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் அலாரம் வைத்து எழுந்து காலி செய்யுங்கள். இணைக்கும்போது வயிற்றுப் பையில் கொஞ்சம் சிறுநீர் விட்டுவைத்தால், காற்றடைப்பு இல்லாமல் ஓடும்.
* சிறுநீரில் வெள்ளை நூல்போல் வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது குடல் துண்டு சுரக்கும் சளி. டேப்பை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டும் அந்த 5 நிமிடம்

காலையில் எழுந்ததும், தண்ணீரோ காபியோ குடிப்பதற்கு முன் மாற்றுங்கள். அப்போதுதான் சொட்டுவது குறைவு. சுத்தமான காஸ் துணியைச் சுருட்டி ஸ்டோமாவின் மேல் வைத்தால், ஒட்டும் வரை சிறுநீரை அது உறிஞ்சிக்கொள்ளும். தோல் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பிளேட்டை உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள். நிமிர்ந்து நின்று, கீழிருந்து மேலாக ஒட்டி, ஓட்டையைச் சுற்றி விரலால் அழுத்துங்கள். பிறகு ஓரிரு நிமிடம் உள்ளங்கையை அதன்மேல் வைத்திருங்கள். சூடும் அழுத்தமும் சேர்ந்தால்தான் அந்தப் பசை பிடிக்கும்.

ஆபரேஷனுக்கு முன்பே கேட்க வேண்டியது

காசே செலவில்லாத, ஆனால் முக்கியமான டிசைன் வேலை ஒன்று இருக்கிறது. ஸ்டோமா வரப்போகும் இடத்தை முன்கூட்டியே பேனாவால் குறிப்பது. படுக்கவைத்து மட்டும் குறிக்கக் கூடாது. உட்காரச் சொல்லி, குனியச் சொல்லி, நிற்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். லுங்கி கட்டும் இடம், பாவாடை நாடா இறுகும் இடம், பேன்ட் பெல்ட் வரும் இடம் எது என்று நீங்களே சொல்லுங்கள். உங்களால் பார்த்துக் கையால் எட்டக்கூடிய இடமாகவும் இருக்க வேண்டும்.

வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை, அதாவது பெரியவர்கள் சொல்லும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி', பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே சிறுநீரகவியல் துறையும் உண்டு. எந்த மருத்துவமனையாக இருந்தாலும் டிஸ்சார்ஜுக்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பை மாற்றக் கற்றுக்கொடுப்பது யார்? கசிந்தால் யாரைப் பார்ப்பது? பை வாங்க உதவி கிடைக்குமா?

இன்ஜினீயரிங் படிக்கிறீங்களா?

புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுபவர்களுக்கு இங்கே வேலை காத்திருக்கிறது. சம்மணமிட்டாலும் பிரியாத பிளேட், ஏப்ரல் வியர்வையைத் தாங்கும் பசை, பாயில் படுத்தாலும் வடியும் ராத்திரிப் பை, ஒரு கையால் திறக்க முடிகிற டேப், பஸ் குலுக்கலில் தானாகத் திறக்காத பூட்டு... லேபில் சோதிப்பதோடு நிறுத்தாமல், பை வைத்திருப்பவர்களிடம் முதல் நாளிலேயே போய்க் கேளுங்கள். சோரன்சனும் செரஸும் தொடங்கியது அங்கேதான்.

உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய அறிகுறிகள்

ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது, சில மணி நேரமாகச் சிறுநீரே வராமலிருப்பது, காய்ச்சலோடு முதுகு அல்லது விலாப்பக்க வலி, நிற்காத ரத்தக்கசிவு. துடைக்கும்போது ஸ்டோமாவில் ஓரிரு சொட்டு ரத்தம் வருவது மட்டும் சாதாரணம்.

கடைசியாக, கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் கெட்டியானால் கிருமித்தொற்று, கல், ஸ்டோமாவைச் சுற்றி உப்புப்படிவு என்று பிரச்னைகள் வரிசையாக வரும். டாக்டர் அளவு சொல்லியிருந்தால் தவிர, ஒரு நாளைக்கு 2 லிட்டர் தேவை. பை கசிந்தால் பையை மாற்றுங்கள், அளவை மாற்றுங்கள், பிளேட்டை மாற்றுங்கள். தண்ணீர் பாட்டிலை மட்டும் கீழே வைத்துவிடாதீர்கள்.