பவர் பேங்க்கைத் தராசில் வையுங்கள்

தாயில்பட்டிக் கடைவீதியில் ஒரு பட்டாசுப் பெட்டியைக் கையில் எடுத்தால், தயாரித்த ஆலை எது, எப்படிப் பற்றவைக்க வேண்டும் என்பவை அதன்மேல் அச்சாகியிருக்கும். பசுமைப் பட்டாசு என்றால் கியூஆர் குறியீடும் இருக்கும். 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அமைப்பு, சிவகாசியிலேயே அதற்கோர் அலுவலகம் என்று அந்தச் சிறு பெட்டிக்குப் பின்னால் ஒரு பெரிய நிர்வாகமே நிற்கிறது. நான்கு கடை தள்ளிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் பவர் பேங்க்கின் முகத்திலோ '50,000' என்ற எண் மட்டும் பெரிதாகத் தெரிகிறது. தயாரித்தவர் யார் என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் சிலவற்றில் கிடைப்பதில்லை.

டிரான்சிஸ்டர் வானொலிக் காலத்திலிருந்தே புதிய கருவிகள்மீது எனக்குத் தனி மோகம் உண்டு. ஓய்வுபெற்ற பின் அது கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஆகவே இது கருவிகளுக்கு எதிரான புலம்பல் அன்று. வாங்குபவர் எதை வாங்குகிறார் என்று அறிந்து வாங்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். மில்லி ஆம்பியர் மணி என்பது ஆற்றலின் அளவு அன்று. அதை மின்னழுத்தத்தால் பெருக்கினால்தான் ஆற்றல் கிடைக்கும். பவர் பேங்க்கின் உள்ளே இருக்கும் லித்தியம் மின்கலத்தின் அழுத்தம் சுமார் 3.7 வோல்ட். எனவே 10,000 மில்லி ஆம்பியர் மணி என்பது 37 வாட் மணி. வெளியே 5 வோல்ட்டாக மாற்றித் தரும்போது அதே ஆற்றல் 7,400 ஆகச் சுருங்கிவிடும். மாற்றத்தில் வெப்பமாக வீணாவதையும் கழித்தால் ஆறாயிரத்துச் சொச்சம் மிஞ்சும். நேர்மையான நிறுவனங்கள் இந்த இரண்டாவது எண்ணையும் பொடி எழுத்தில் அச்சிடுகின்றன. 5,000 திறனுள்ள கைப்பேசியை இது ஏறக்குறைய ஒன்றரை முறைதான் நிரப்பும். 'பத்தாயிரத்தை ஐயாயிரத்தால் வகுத்தால் இரண்டு' என்ற கடைக்காரரின் கணக்கு இங்கே செல்லாது.

இதே 37 வாட் மணி என்பது சுமார் 133 கிலோ ஜூல். கருமருந்தின் ஆற்றல் கிலோவுக்கு ஏறத்தாழ 3,000 கிலோ ஜூல் என்று கொண்டால், சட்டைப்பையில் இருக்கும் பவர் பேங்க் நாற்பது கிராமுக்கு மேற்பட்ட கருமருந்துக்குச் சமமான மின்னாற்றலைச் சுமக்கிறது. கருமருந்து நொடியில் வெளியிடுவதை மின்கலம் மணிக்கணக்கில் நிதானமாக வெளியிடுகிறது என்பதே வேறுபாடு. அந்த நிதானத்தைக் காப்பது, இரு மின்முனைகளுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். தயாரிப்பில் தங்கிய உலோகத் துகளோ, கீழே விழுந்த அடியோ, மிகையான வெப்பமோ அதைக் கிழித்துவிட்டால் உள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்பட்டு, வெப்பம் வெப்பத்தை வளர்க்கும். அந்நிலையில் நேர்முனையில் உள்ள ஆக்ஸைடு தானே பிராணவாயுவை வெளியிடக்கூடும். வெடியுப்பு கருமருந்துக்குச் செய்வதும் இதைத்தான். ஆகவே சாக்கைப் போட்டு மூடினால் இந்தத் தீ அணையாது. மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஏராளமான தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதுதான் வழி.

இது கற்பனை அச்சம் அன்று. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், புறப்படவிருந்த ஏர் பூசான் விமானம் தீக்கிரையானது. பவர் பேங்க்கின் உட்புற மின்காப்புச் சிதைவே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கருதினர். அதே ஆண்டு ஜூன் மாதம், பெயர்பெற்ற ஆங்கர் நிறுவனமே அமெரிக்காவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பவர் பேங்க்குகளைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெறுவதற்கு ஒரு நிறுவனம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரில்லாத பெட்டியை யார் திரும்பப் பெறுவார்?

ஜார்ஜ் அகர்லோஃப் 1970-இல் எழுதிய, பின்னர் நோபல் பரிசு பெற்றுத்தந்த கட்டுரையை வகுப்பில் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். பழைய கார் சந்தையில் நல்லதையும் கெட்டதையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், அவர் சராசரி விலைதான் தருவார். அந்த விலை கட்டாத நல்ல சரக்கு சந்தையை விட்டே வெளியேறும் என்பது அவர் வாதம். எங்கள் கடைவீதியில் நடப்பது அதைவிட மோசம். '10,000' என்று உண்மையை எழுதியவர், பாதி விலையில் '50,000' என்று எழுதியவரிடம் தோற்கிறார்.

ஆனால் இந்தப் பொய்யைப் பிடிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. மளிகைக் கடைத் தராசு போதும். இன்றைய நல்ல லித்தியம் மின்கலம் கிலோவுக்கு 250 வாட் மணி அளவில்தான் ஆற்றலைத் தாங்கும். 50,000 என்றால் 185 வாட் மணி. மின்கலங்கள் மட்டுமே முக்கால் கிலோ வரும். தராசு 300 கிராம் காட்டினால் பெட்டிமேல் உள்ள எண் பொய். (உள்ளே மணலைப் போட்டு எடைகூட்டும் கெட்டிக்காரர்களும் உண்டு, எடை சரியாக இருப்பது மட்டுமே சான்று ஆகாது.) மதுரையிலிருந்து வெளிநாடு செல்வோருக்கு இன்னொரு செய்தி: அனுமதியின்றி விமானத்தில் எடுத்துச் செல்லக்கூடிய வரம்பு 100 வாட் மணி, அதாவது சுமார் 27,000. அதையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012-ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணை 2014-இல் விரிவாக்கப்பட்டபோது பவர் பேங்க்கும் அடாப்டரும் அதற்குள் வந்துவிட்டன. 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தோடு எட்டு இலக்க எண் பெட்டியில் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அதைச் சரிபார்க்கலாம். எனினும் ஒவ்வொரு வாங்குபவரும் செயலியோடு கடைக்குச் செல்வார் என எதிர்பார்ப்பது நிர்வாகம் ஆகாது. தமிழ்நாட்டில் கடைத் தராசுக்கு முத்திரையிடுவது தொழிலாளர் துறை. காய்கறியில் ஐம்பது கிராம் குறைந்தால் வழக்குப் போடும் அத்துறை, ஐந்தில் நான்கு பங்கு குறையும் மின்னாற்றலையும் எடைக்குறைவாகவே கருத வேண்டும். வாட் மணியும் உண்மையான வெளியீட்டுத் திறனும் பெட்டியின் முகப்பில், தமிழிலும், பெரிய எழுத்தில் வர வேண்டும்.

கோடையில் இவ்வட்டாரத்தின் வெயில் 40 பாகையைத் தொடும். லித்தியம் மின்கலத்தைப் பொதுவாக 45 பாகைக்கு மேல் மின்னேற்றக் கூடாது. தகரக் கூரையின் கீழும், வெயிலில் நிற்கும் வண்டியின் இருக்கைப் பெட்டிக்குள்ளும் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். பட்டாசோ திரியோ இருக்கும் அறையில் எதையும் சார்ஜ் போடுவது பற்றி நான் இங்கே சொல்ல வேண்டியதில்லை; ஆலைக்குள் கைப்பேசியையே அனுமதிக்காத ஊர் இது.

உப்பிப்போன பவர் பேங்க் பழைய இரும்புக் கடைக்குப் போவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அங்கே அது சுத்தியலால் உடைபடும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. பெயரில்லாத உற்பத்தியாளரை அவ்விதி எட்டாது. அதுவரை ஊராட்சி அலுவலகத்தில், நிழலான ஓரிடத்தில், மணல் நிரப்பிய ஓர் இரும்புப் பெட்டியை வைத்து, மாதம் ஒருமுறை உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கலாம். அதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.