பல்லாவரத்துக் கைக்கோடாரியைச் செய்தது யார்?

கொட்டிவாக்கத்துல இருந்து துரைப்பாக்கம் போய் ரேடியல் ரோட்டைப் பிடிச்சா நேரா பல்லாவரம். அங்கே ஒரு சரளைக் குழியில், 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதர் கைபட்ட கருவி என்று கண்டுகொண்டார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கியது இப்படித்தான்.

அது தானா உடைஞ்ச கல் இல்லன்னு எப்படிச் சொல்றது? ஆற்றில் உருளும் கல்லில் சில்லு கண்டபடி பெயரும். கைக்கோடாரியில் இரண்டு முகத்திலும் ஓரத்திலிருந்து வரிசையாகச் சில்லு பெயர்த்திருப்பார்கள். ஆக, அதுக்குப் பின்னாடி ஒரு திட்டம் இருக்கு.

சரி, யாரோட திட்டம்? கோடுல ஒரு வரியை யார் எழுதினாங்கன்னு பார்க்க ‘கிட் பிளேம்’ போடுவோம். கல்லுல அந்த வசதி இல்ல. ஆனா வாட்ஸ்அப்ல ஈஸியா முடிச்சிடுறாங்க: “உலகின் முதல் கருவி செய்தவன் தமிழன்!”

கொஞ்சம் பொறுங்க. அதே 1863-ல், திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் இதே வகைக் கருவிகளைக் கண்டார்கள். பின்னாளில் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழாய்வு செய்தார்கள். மேலே கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர்கள் பெரிலியம்-10, அலுமினியம்-26 அணுக்களை உருவாக்கும். கல் புதைந்ததும் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் அழியும். மிச்சமிருக்கும் விகிதமே கடிகாரம். 2011-ல் வந்த விடை: சுமார் 15 லட்சம் ஆண்டுகள், குறைந்தபட்சம் 10 லட்சத்துக்கும் மேல்.

நம்ம ஹோமோ சேப்பியன்ஸ் இனத்தோட மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவுல கிடைச்சது. அதுக்கே வயசு சுமார் 3 லட்சம்தான்! அப்போ இதைச் செஞ்சது தமிழரும் இல்ல, நம்ம இனமே இல்ல. ஹோமோ எரெக்டஸ் போன்ற ஒரு மூதினமாக இருக்கலாம். ஆனால் சாந்தி பப்பு குழுவினரின் அகழாய்வில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. 1982-ல் நர்மதைக் கரை ஹத்னோராவில் கிடைத்த மண்டை ஓடும் எந்த இனம் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

பெயர் போட முடியாத இடத்துல நம்ம பேரைப் போட்டுக்கிறது பெருமை இல்ல. மொழியோ இனமோ நாம வர்றதுக்கு முன்னாடியே இந்த மண்ணுல ஒருத்தர் உட்கார்ந்து யோசிச்சு கல் செதுக்கியிருக்கார். அதுவே போதாதா?

ஃபூட் சேகரித்த கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு போயிட்டு வாங்க!