நியூரம்பேர்க்கின் சதுர நாணயம்

நாணயம் வட்டமாயிருத்தலே பொதுவழக்கு. அவ்வழக்கிலிருந்து விலகிச் சதுரமாக அடிக்கப்பட்ட ஐரோப்பிய நாணயங்கள் ‘கிளிப்பே’ எனப்படும். இவற்றுட் பல முற்றுகைக் காலத்தவை. 1529ஆம் ஆண்டு துருக்கிய சுல்தான் சுலைமானின் படைகள் வியன்னாவை வளைத்தபோது, நகரினுள்ளே சதுர நாணயங்கள் அடிக்கப்பட்டன. உலோகத் தகட்டைச் சதுரமாக வெட்டுதல் எளிது. வட்டமாக வெட்டுங்கால் ஏற்படும் கழிவும் இதில் இல்லை. இவ்வாறு சதுரம் நெருக்கடியின் வடிவமாயிற்று. ஆயின், ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரில் 1650இல் அடிக்கப்பட்ட சிறிய சதுர வெள்ளி நாணயமோ சமாதானத்தின் நினைவாக எழுந்தது.

1618 முதல் 1648 வரை நீடித்த முப்பதாண்டுப் போர் ஜேர்மன் நிலப்பரப்பைச் சீரழித்தது. 1632இல் சுவீடன் மன்னன் குஸ்தாவ் அடோல்ப்பின் படையும் பேரரசின் தளபதி வாலன்ஸ்டைனின் படையும் நியூரம்பேர்க்கின் அருகே எதிரெதிராகப் பாசறையமைத்தன. பசியும் நோயும் நகரை வாட்டின. 1648 ஒக்ரோபரில் வெஸ்ற்பாலிய உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டபோதும் படைகள் உடனே கலையவில்லை. சுவீடனின் படையினரைக் கலைப்பதற்கு 50 இலட்சம் தாலர் செலுத்தப்படவேண்டியிருந்தது. இச்சிக்கல்களைத் தீர்க்கவே 1649இல் நியூரம்பேர்க்கில் மாநாடு கூடியது. 1650 ஜூனில் இறுதி இணக்கம் காணப்பட்டது.

நாணயத்தின் ஒருபுறத்தில் கோலைக் குதிரையாகக் கொண்டு விளையாடும் சிறுவனின் உருவமும் 1650 என்னும் ஆண்டும் உள்ளன. மறுபுறத்தில் இருதலைக் கழுகும் பேரரசன் மூன்றாம் பேர்டினண்டை வாழ்த்தும் வாசகமும் காணப்படுகின்றன. பேரரசின் பிரதிநிதியான பிக்கொலோமினி, கோற்குதிரையேறி வரும் சிறுவருக்கு வெள்ளிக்காசு வழங்குவாரென வதந்தி பரவியதென்றும், திரண்டுவந்த சிறுவரை ஏமாற்ற விரும்பாது அவர் இந்நாணயத்தை அடிப்பித்து வழங்கினாரென்றும் மரபுக்கதை கூறும். நாணயத்திலோ அவர் பெயர் இல்லை. எனவே அக்கதையை வரலாற்றுண்மையென உடனே ஏற்றல் பொருந்தாது.

எனினும், கதையை விலக்கிய பின்னரும் நாணயம் கூறும் செய்தி எஞ்சிநிற்கிறது. அன்றைய நியூரம்பேர்க்கில் முப்பது வயதை எட்டாத எவரும் போரற்ற ஜேர்மனியைக் கண்டவரல்லர். அத்தகைய நகரில் சமாதானத்தைச் சித்திரிக்கத் தளபதியின் போர்க்குதிரை தெரிந்தெடுக்கப்படவில்லை. சிறுவனின் கோற்குதிரையே தெரிந்தெடுக்கப்பட்டது. உடன்படிக்கையின் உறுப்புரைகள் அரசர்க்குரிய உரிமைகளைக் கூறின; மக்கள் வேண்டிநின்றது யாதென்பதை இச்சிறுநாணயம் கூறிற்று.