வாசம் பண்ணுதல்

'வாசம்' என்றதும் இன்று நமக்கு மல்லிகைதான் நினைவுக்கு வரும். வடமொழியின் இரண்டு சொற்கள் தமிழில் ஒரே உருவம் எடுத்துவிட்டன: ஒன்று மணம், மற்றது குடியிருப்பு. இரண்டாவது, வனவாசம் சிறைவாசம் என்று வேறொன்றோடு ஒட்டிக்கொண்டுதான் பெரும்பாலும் பிழைக்கிறது. கிறிஸ்தவத் தமிழில் மட்டும் அது இன்னும் தெம்பாக இருக்கிறது. ஆவியானவர் விசுவாசிக்குள் 'வாசம்பண்ணுகிறார்' என்பது ஞாயிறுதோறும் காதில் விழும் பேச்சு.

இந்தப் பேச்சின் தொடக்கம் ஒரு கூடாரம். எபிரேயத்தில் 'ஷாகன்' என்றால் தங்குதல். அதில் பிறந்த 'மிஷ்கான்', பாலைவனத்தில் இஸ்ரவேலர் தூக்கிச் சென்ற இறைவனின் உறைவிடம். மரச்சட்டம், நெய்த திரை, அதன்மேல் ஆட்டுமயிர்க் கம்பளி, அதற்கும் மேலே தோல். பயணம் என்றால் பிரித்துக் கட்டிச் சுமக்க வேண்டியதுதான். சனம் நகர்ந்தால் சாமியும் நகரும். பிற்கால ரபிகள் இதே வேரிலிருந்து, இறைவன் உடனிருப்பதைச் சொல்ல 'ஷெகினா' என்ற பெயரை எடுத்தார்கள். எபிரேய வேதத்தில் அந்தப் பெயர் கிடையாது.

கிரேக்கத்தில் கூடாரம் 'ஸ்கேனே'. வார்த்தையானவர் மனிதரானதைச் சொல்லும் யோவான் நற்செய்தி, முதல் அதிகாரம் 14ஆம் வசனத்தில் அதன் வினையைத்தான் வைக்கிறது: நம் நடுவே கூடாரம் அடித்தார். ஷாகனும் ஸ்கேனேயும் உறவு இல்லை, ஒலிதான் ஒன்றுபோல. ஆனாலும் இரண்டு மொழியும் தெரிந்த யூதருக்கு அந்த ஒலி பாலைவனத்தை நினைவூட்டாமலா இருந்திருக்கும்?

பழைய தமிழ் வேதாகமம் மிஷ்கானை 'வாசஸ்தலம்' என்றது. யோவானில் 'வாசம்பண்ணினார்' என்றது. சொல்லின் இழை அறுபடவில்லை, கூடாரத் துணிதான் காணாமல் போயிற்று. 1995இல் வந்த திருவிவிலியம் 'குடிகொண்டார்' என்கிறது. ஊர் எல்லையில் அம்மன் குடிகொண்டிருப்பதாகச் சொல்கிறோமே, அதே சொல். எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

பவுலிடம் வரும்போது ஒரு வேடிக்கை. கொரிந்துவில் அவர் பிழைப்புக்குச் செய்தது கூடாரத் தொழில்; அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. சில ஆண்டு கழித்து, ஏறத்தாழ கி.பி. 55இல், அந்த ஊராருக்கு எழுதிய முதல் கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில், ஆவியானவர் உங்களுக்குள் இருக்கிறார் என்னும் இடத்தில் அவர் கூடாரச் சொல்லை எடுக்கவில்லை. 'ஓய்கோஸ்', அதாவது வீடு. அதன் வினையை எடுத்தார். பிரித்துச் சுமப்பது அல்ல, குடித்தனம்.

அதே வசனத்தில் அவர்களை 'நவோஸ்' என்கிறார். கோயில் வளாகம் முழுவதற்கும் கிரேக்கத்தில் 'ஹியரோன்' என்று ஒரு சொல் உண்டு. நவோஸ் உள்ளே தெய்வம் உறையும் இடம். தமிழில் இரண்டுமே 'ஆலயம்' ஆகிவிட்டதால், நம் கருவறைக்கு நெருங்கிய அந்தப் பொருள் வெளிப்பிராகாரத்தோடு கலந்துவிட்டது.

இன்னொன்று 'நீங்கள்'. அதே கடிதத்தின் ஆறாம் அதிகாரத்தில் பவுல் உடலையே ஆலயம் என்கிறார். அங்கே தனி ஆளை நினைப்பதில் பிழையில்லை. மூன்றாம் அதிகாரத்தில் கதை வேறு. நான் பவுல் பக்கம், நான் அப்பொல்லோ பக்கம் என்று கட்சி கட்டிச் சண்டை போட்ட ஒரு கூட்டத்தையே அவர் நீங்கள் என்றார். ஆட்கள் பலர், ஆலயம் ஒன்று. நம் ஊரில் மரியாதைக்கு ஒரே ஆளையும் நீங்கள் என்போம். பிரசங்கியார் அந்த வசனத்தை வாசிக்கும்போது, பக்கத்து பெஞ்சில் பேச்சுவார்த்தை இல்லாமல் உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்பது சட்டென்று உறைப்பதில்லை.